மொய்துவின் குத்தூசியும் பின்முற்றத்து அரிசியும்

மட்டாஞ்சேரி கடைத்தெருவில் மொய்து என்று கேட்டால், எந்த மொய்து என்று திருப்பிக் கேட்பார்கள். குத்தூசி மொய்து என்றால் போதும், சாயாக்கடைக்காரர் கரண்டியாலேயே வழி காட்டிவிடுவார்.

அரிசியோ மிளகோ மூட்டையாக வந்து இறங்கியதும், உள்ளே குடைந்த அந்த இரும்பு ஊசியைச் சாக்கின் விலாவில் செருகி, உள்ளங்கையில் ஒரு பிடி சரியவிட்டுப் பார்ப்பது அவர் தொழில். வாயருகே நல்ல சரக்கையும் நடுவயிற்றில் குப்பையையும் வைத்துத் தைத்து அனுப்புகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்பது அவர் கணக்கு. எனவே மேலிருந்து குத்தமாட்டார். பக்கவாட்டில், யாரும் எதிர்பாராத இடத்தில் குத்துவார். ஊசியை உருவிய பிறகு, அதன் முனையால் அந்த இடத்தை இரண்டு தரம் தேய்த்துவிடுவார். விலகிய சணல் இழைகள் மறுபடி ஒட்டிக்கொள்ளும். குத்திய தடமே இருக்காது.

கடையில் இருந்த இந்தப் புத்தி வீட்டுக்கு வரும்போது வாசலில் செருப்போடு கழன்று விடவில்லை. பாலை முகர்ந்து பார்ப்பார். மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டினாலும் தானே இன்னொரு தரம் தூக்குவார். மருந்துக்கடையில் மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த மனிதரும் அவர்தான். மனைவி ஜொஹரா பீவி ஒருமுறை பந்தியிலேயே சொன்னாள், நிக்காஹுக்கு முன்னால் தன்னையும் விலாவில் குத்திப் பார்க்க மாமனார் வீட்டில் விடவில்லை என்ற குறை இவருக்கு இன்னும் தீரவில்லை என்று. எல்லோரும் சிரித்தார்கள். மொய்துவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

அப்படிப்பட்டவர் வீட்டுப் பின்முற்றத்தில் மழைக்காலம் முடிகிற சமயம் குழிகள் விழத் தொடங்கின.

முற்றம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கறிவேப்பிலை மரம், கப்பை என்கிற மரவள்ளிச் செடி நாலைந்து, கோழிக்கூடு, துணி துவைக்கும் கல். அதற்கப்பால் வெங்கிடராமனின் அரிசிக் கிடங்குச் சுவர். மொய்து முப்பது வருஷமாக வேலை பார்க்கும் கிடங்கு அது. இடப்பக்கம் ஒரு பழைய சுக்குக் கிடங்கு இருந்தது. அதை ஹோட்டலாக்கப் போகிறோம் என்று யாரோ வாங்கித் தரைவரை இடித்துப் போட்டிருந்தார்கள். அந்தத் தூசி அடங்கிய சில நாட்களில்தான் கப்பைச் செடி ஒன்று சாய்ந்து கிடந்தது. கிழங்கைக் காணோம். பக்கத்தில் கை நுழைகிற அளவுக்குக் குழி, குழியின் வாயில் புது மண் குவியல்.

பெருச்சாளிதான் என்றாள் ஜொஹரா. இடிந்த கிடங்கில் குடியிருந்தவை வேறெங்கே போகும் என்று கேட்டாள். மொய்து உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் கூண்டு ஒன்று வாங்கிவந்து கருவாடு கட்டி வைத்தார். காலையில் கூண்டு மூடியிருந்தது, கருவாடு இல்லை, உள்ளே எதுவும் இல்லை. மறுபடி கட்டினார், மறுபடி அதே கதை. விலங்குக்கு இவ்வளவு சாமர்த்தியம் எங்கிருந்து வரும் என்ற எண்ணம் அப்போதே அவருக்குள் விழுந்துவிட்டது.

அவருக்கு இன்னொன்றும் உறுத்தியது. முந்தைய நாள் பார்த்த குழிகள் மறுநாள் மூடப்பட்டிருந்தன. பெருச்சாளி தோண்டும், சரி. தோண்டிய குழியை மூடி, மேலே மிதித்து மட்டமும் ஆக்குமா?

குழி எந்தப் பக்கமாகப் போகிறது என்று பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை குத்தூசியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். அவரிடம் இருந்த கருவி அதுதான். கறிவேப்பிலை மரத்தடியில் செருகினார், மண் வந்தது. கோழிக்கூட்டின் பக்கம் செருகினார், கரிய சேறு. கிடங்குச் சுவரை ஒட்டிச் செருகியபோது ஊசி எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது. அந்த இறக்கம் அவர் கைக்குத் தெரியும். உருவி உள்ளங்கையில் சாய்த்தார்.

அரிசி.

ஈரம் ஏறிய, குண்டு மணி புழுங்கலரிசி. விரலால் பரப்பினார். அங்கங்கே முனை கறுத்த மணிகள். அந்தக் கறுப்பு முனையைப் பார்த்துத்தான் போன வாரம் அவர் லாரிக்காரரிடம் சண்டை போட்டிருந்தார். ஆந்திராவிலிருந்து வந்த, வெங்கிடராமன் கிடங்கில் இடப்பக்க அட்டியில் அடுக்கியிருக்கிற அதே சரக்கு. சந்தேகமே இல்லை. சந்தேகம் இல்லாத இடத்திலிருந்து பெரிய சந்தேகம் கிளம்பியது.

பெருச்சாளி அரிசி தின்னும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் கிடங்குக்குள் வாழ்கிற எலி இருந்த இடத்தில் தின்றுவிட்டுப் போகும். மலைபோலச் சோறு கிடக்கும்போது எதற்குச் சேர்த்து வைக்கும்? சுமந்துவந்து பூமியில் புதைப்பது மனித வேலை. அதுவும், கிடங்கிலும் இந்த வீட்டிலும் சேர்ந்து கால் வைக்கிற மனிதனின் வேலை.

அப்படி இருவர்தான் உண்டு. ஒருவர் மொய்து. மற்றவர் ஷாபாஸ்.

ஷாபாஸ் அவர் மருமகன். பாலக்காட்டுப் பிள்ளை. மகள் நௌரினைக் கட்டிக்கொண்டு, வீட்டோடு ஒட்டிய அறையில் குடியிருக்கிறான். சொந்தமாகப் பெட்டி ஆட்டோ வைத்து வெங்கிடராமனின் மூட்டைகளைத் தோப்பும்படிக்கும் தேவராவுக்கும் கொண்டுபோய்க் கடைகளில் இறக்குகிறான். முதலாளியிடம் அவனைச் சேர்த்துவிட்டது மொய்துதான். “நான் பொறுப்பு” என்ற சொல்லைத் தவிர வேறு சிபாரிசு இல்லை. குத்தூசி மொய்துவின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது கடைத்தெருவில் ஒரு செய்தியாகவே பேசப்பட்டது.

அந்தச் சொல்தான் இப்போது மண்ணுக்கடியில் கிடக்கிறது என்று மொய்துவுக்குப் பட்டது. வெளியே தெரிந்தால் தன் பெயர் போகும். தெரியாமல் இருந்தால் தன் மகள் ஒரு திருடனோடு குடித்தனம் நடத்துவாள். எதை விட்டுக்கொடுப்பது? அன்று மதியம் ஜொஹரா வைத்த மீன்குழம்பில் உப்பு இல்லை என்பதைக் கூட அவர் கவனிக்கவில்லை. ஜொஹராவுக்கு அது நோயின் அறிகுறியாகத் தோன்றியது.

அதன் பிறகு ஷாபாஸ் செய்வதெல்லாம் வேறு வெளிச்சத்தில் தெரிந்தது. காலையில் முதல் நடைக்குப் போவதற்கு முன் அவன் முற்றத்துப் பக்கம் போய்வருவதை மொய்து பார்த்தார். கையில் மண்வெட்டி. திரும்பும்போது கால் கழுவிக்கொள்கிறான். போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தவன் இவரைக் கண்டதும் பின்னே விளிக்காம், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டான். முன்பும் இப்படித்தான் வைப்பானோ? இருக்கலாம். முன்பு யார் பார்த்தார்கள்?

ஒரு சாயங்காலம் சாயா குடிக்கும்போது பக்கவாட்டில் ஒரு குத்துக் குத்திப் பார்த்தார்.

“இடப்பக்க அட்டியில சரக்கு எப்படி இருக்கு மாப்ள? சாக்கெல்லாம் சரியா இருக்கா?”

“அடி மூட்டையில கொஞ்சம் கிழிசல் உண்டு மாமா. எடை குறையுதுன்னு முதலாளி மொறைச்சாரு. எலியாத்தான் இருக்கும்.”

மொய்து கிளாஸைக் கீழே வைத்தார். கிடங்கில் எது குறைந்தாலும் எலியின் தலையில் போடுவது முப்பது வருஷமாக அவர் கேட்டுவரும் பாட்டு. அந்தப் பாட்டைப் பாடிய எவரையும் அவர் நம்பியதில்லை. முதலாளிக்கும் அதையே சொல்லிக் கொடுத்திருக்கிறார். திருடன் முதலில் கைகாட்டுவது எலியைத்தான் என்று. இப்போது தன் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து, தன் மகள் போட்ட சாயாவைக் குடித்துக்கொண்டு, இவனும் அதையே பாடுகிறான்.

வெள்ளிக்கிழமை ஷாபாஸ் ஜும்ஆவுக்காகக் குளிக்கப் போனபோது பெட்டி ஆட்டோ வாசலில் நின்றது. மொய்து பின்பெட்டியைப் பார்த்தார், காலி. ஓட்டுபவரின் சீட் கொஞ்சம் உப்பலாகத் தெரிந்தது. இதற்கு முன் அது உப்பலாக இருந்ததா என்று யோசித்தார், நினைவில்லை. நினைவில்லாததே போதும் என்று தோன்றியது. சட்டைக்குள்ளிருந்து குத்தூசியை எடுத்துச் சீட்டின் விலாவில் செருகி உருவினார். மஞ்சள் பஞ்சுத் துகள் கொஞ்சம் உள்ளங்கையில் விழுந்தது. அவ்வளவுதான். பழக்க தோஷத்தில் ஊசி முனையால் அந்த இடத்தை இரண்டு தரம் தேய்த்தார்.

சாக்கு மூடிக்கொள்ளும். ரெக்சின் மூடிக்கொள்ளாது. சுண்டுவிரல் பருமனில் ஓர் ஓட்டை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மொய்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு பள்ளிவாசலுக்கு வேகமாக நடந்தார். வண்டியில் முந்தி வந்துவிட்ட ஷாபாஸ் தொழுகையில் இரண்டு வரிசை முன்னால் நின்றான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே தொழுத தொழுகை எந்தக் கணக்கில் சேரும் என்று மொய்துவுக்குத் தெரியவில்லை.

ஷாபாஸ் ஓட்டையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அது மொய்துவை இன்னும் உறுத்தியது. குற்றமில்லாதவன் என்றால் யார் செய்தது என்று கத்தியிருக்க மாட்டானா?

அடுத்த செவ்வாய்க்கிழமை ஜொஹராவும் நௌரினும் எர்ணாகுளத்துக்குப் படகேறிப் போனார்கள். ஷாபாஸ் தேவரா நடைக்குக் கிளம்பியிருந்தான். மொய்து தலைவலி என்று கிடங்குக்குச் சொல்லியனுப்பிவிட்டு மண்வெட்டியை எடுத்தார். எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் அவனைக் கேட்க வேண்டும். சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால்தான் பேச்சு நிற்கும்.

சுவரோரம் இரண்டு வெட்டு வெட்டியதும் மண் உள்வாங்கியது. உள்ளே அண்டா அடி போல வழவழப்பான ஓர் அறை. அதில் குவிந்து கிடந்தது அரிசி. ஓரத்தில் கடித்த கப்பைத் துண்டுகள், கோழித்தீவனம், யாரோ தொலைத்த சோப்பு, பல் பதிந்த மெழுகுவர்த்தி. அவற்றுக்கு நடுவில், அவரே நூல் சுற்றிக் கட்டிய முடிச்சோடு, கூண்டிலிருந்து போன கருவாட்டின் வால்.

அந்த முடிச்சை அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளையிலிருந்து ஏதோ ஒன்று பன்றிக்குட்டி போல உறுமிக்கொண்டு பாய்ந்து, அவர் கால்மேல் ஏறி, கறிவேப்பிலை மரத்தடிக்குள் மறைந்தது. ஒரு முழத்துக்குக் குறையாத பெருச்சாளி. மொய்து துணிக்கல்லில் உட்கார்ந்துவிட்டார். குனிந்து பார்த்தார். வளை நேராகக் கிடங்குச் சுவருக்கு அடியில், இடப்பக்க அட்டி இருக்கிற திசையில் போனது.

எலியேதான். ஷாபாஸ் சொன்னது போல எலியேதான்.

நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. ஆனால் இறங்கிய மூட்டையின் இடத்தில் உடனே இன்னொன்று ஏறி உட்கார்ந்தது. சரக்கு சோதிக்கிறவன் வீட்டு முற்றத்தில், முதலாளியின் சரக்கு, மண்ணுக்கடியில். இதை வெளியே சொன்னால் கடைத்தெரு என்ன சொல்லும்? முப்பது வருஷம் ஒரு பிடி ஒரு பிடியாக எடுத்தவன் வீட்டில் இவ்வளவுதானா கிடைத்தது என்று கேட்கும். வேறொருவன் முற்றமாக இருந்தால் அவரே அப்படித்தான் கேட்டிருப்பார். அதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

மூடிவிடலாம் என்று தோன்றியது. அரிசியை உள்ளே தள்ளி, மேலே செங்கல் போட்டு, யாருக்கும் தெரியாமல். சிதறியதை இரு கைகளாலும் அள்ளிக் குழியில் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது வீட்டின் மூலையில் ஷாபாஸ் நின்றான். மறந்துவைத்த போனை எடுக்க வந்திருக்கிறான், அது அவன் கையில் இருந்தது. மொய்துவின் கைகளில் அரிசி.

ஷாபாஸ் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனான். பெட்டி ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவன் மாமனாருக்குத் தானே எழுந்து குழம்பு ஊற்றினான். அதைப் போல மொய்துவை நடுங்க வைத்தது எதுவும் இல்லை.

மறுநாள் காலை வாசலில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தபோது ஷாபாஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“மாமா, நான் யாருகிட்டயும் சொல்லல கேட்டீங்களா. நௌரின்கிட்டகூட.”

மொய்து அவன் பக்கம் திரும்பினார்.

“வயசான காலத்துல உங்களுக்கு என்ன பணமுடையோ, எனக்குத் தெரியாது. கேக்கவும் மாட்டேன். ஆனா ஆட்டோவுல மட்டும் வேண்டாம் மாமா.”

“ஆட்டோவுலயா?”

“சீட்டுல ஓட்டை பார்த்தேன். இந்த ஊர்ல அப்படி ஓட்டை போடுறது உங்க ஊசிதான். உள்ளே எவ்வளவு அடங்கும்னு பார்த்திருக்கீங்க போலன்னு நேத்துதான் புரிஞ்சது. அதுல மாட்டினா என் லைசன்ஸும் போயிடும்.”

அவன் குரலில் குத்தல் இல்லை. அதுதான் மொய்துவால் தாங்க முடியாததாக இருந்தது. தன் கையில் அரிசி கிடைத்ததும் தான் செய்தது என்ன? இவன் கண்ணில் அரிசி பட்டதும் இவன் செய்தது என்ன? அவர் ஊசியை எடுத்துக்கொண்டு போனார், இவன் குழம்பு ஊற்றினான். இருவரும் நினைத்தது ஒன்றேதான், இருவரும் நினைத்தது தப்பு. ஆனாலும் இரண்டும் ஒன்றாகிவிடுமா என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார்.

அவனைச் சந்தேகித்த கதையைச் சொன்னார். குழி மூடியிருந்ததைப் பார்த்துச் சந்தேகப்பட்டதையும் சொன்னார். மாமி சொல்லித்தான் தினமும் மூடினேன் என்றான் ஷாபாஸ், கோழி விழுந்து காலொடித்துக்கொள்ளும் என்று அவள் சொன்னாளாம். சீட்டில் எதற்கு ஊசி போனது என்று சொன்னபோது அவன் முகம் சிவந்தது. எழுந்து ஆட்டோ வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தான்.

“அப்ப அரிசி?”

“பெருச்சாளி மாப்ள. என் கால்மேல ஏறி ஓடிச்சு.”

ஷாபாஸ் அவரை ஏறிட்டுப் பார்த்தான். அந்தப் பார்வை மொய்துவுக்கு நன்றாகப் பழக்கம். சாக்கின் வாயருகே இருக்கிற நல்ல சரக்கைப் பார்த்துவிட்டு, நடுவயிற்றில் என்ன இருக்கும் என்று யோசிக்கிற பார்வை. முப்பது வருஷமாக அவர் பார்த்த பார்வை அது. தன் மேல் விழுந்தது இதுதான் முதல் தரம்.

“வண்டியை எடுங்க” என்றார் மொய்து. “முதலாளிகிட்ட போவோம்.”

பெட்டி ஆட்டோவில் ஓட்டுபவருக்கு மட்டும்தான் இடம். ஷாபாஸ் ஒதுங்கிக்கொண்டான், மொய்து ஓரமாக, அந்த ஓட்டையின் மேல் உட்கார்ந்தார்.

வெங்கிடராமன் கல்லாவில் இருந்தார். மொய்து நின்றுகொண்டே சொல்லி முடித்தார். முதலாளி சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எலின்னு சொன்னா நம்பாதேன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதானே மொய்து.”

“ஆமா முதலாளி.”

“அப்போ நான் என்ன செய்யட்டும்?”

“வந்து குத்திப் பாருங்க.”

வந்தார். குழியைப் பார்த்தார், கருவாட்டின் வாலில் இருந்த முடிச்சைப் பார்த்தார், வளை போகும் திசையைப் பார்த்தார். சரிதான் என்று தலையை ஆட்டினார். அதோடு போயிருக்கலாம். ஆனால் கையை நீட்டிக் குத்தூசியை வாங்கினார். கப்பைச் செடி வரிசையில் குத்தினார். கோழிக்கூட்டுக்கு அடியில் குத்தினார். குளியலறைச் சுவரோரம் குத்தினார். ஜொஹரா அடுக்களை ஜன்னலில் நின்று, வந்த மனுஷர் எங்கள் வீட்டுச் சட்டியையும் குத்திப் பார்க்கட்டும் என்று காதில் விழும்படியே சொன்னாள். நௌரின் அவளை உள்ளே இழுத்தாள்.

ஒவ்வொரு தரமும் ஊசி உருவப்பட்டபோது மொய்து முதலாளியின் உள்ளங்கையை எட்டிப் பார்த்தார். தான் எதையும் புதைக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் எட்டிப் பார்த்தார். எங்கிருந்தாவது இன்னொரு பிடி அரிசி வந்துவிட்டால்? பெருச்சாளிக்கு எத்தனை அறை என்று யாருக்குத் தெரியும்?

“துணிக்கல் பக்கம் பாக்கலையே முதலாளி” என்றார்.

“போதும் மொய்து.”

“அங்கேயும் பாத்திடுங்க.”

முதலாளி அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு அங்கேயும் குத்தினார். சேறுதான் வந்தது. கிடங்குப் பக்கம் ஆள் விட்டு அஸ்திவாரத்தைக் கண்ணாடிச் சில்லும் சிமெண்டும் வைத்து அடைக்கச் சொல்கிறேன் என்றார். நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார். ஊசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நம்பினாரா? மொய்துவால் சொல்ல முடியவில்லை. அடுத்த நாளும் வேலைக்குக் கூப்பிட்டார், அதே மூட்டைகளின் முன்னால் நிறுத்தினார். ஆனால் மொய்து உள்ளங்கையில் மாதிரி எடுக்கும்போது, கல்லாவிலிருந்து கண்ணாடி இந்தப் பக்கம் திரும்புகிறதோ என்று தோன்றும். நிமிர்ந்து பார்த்தால் முதலாளி போனில் இருப்பார். பார்த்த பிடியை மறுபடி சாக்கிலேயே போடுகிற வழக்கம் மொய்துவுக்கு எப்போதும் உண்டு. இப்போது எல்லோரும் பார்க்கும்படி கையை உயர்த்திப் போட்டார்.

ஷாபாஸ் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் கோணி ஊசியும் சணலும் கொண்டுபோய் மொய்து சீட்டின் ஓட்டையைத் தைத்தார். தையல் கோணலாக, மூட்டையின் வாய் போல இருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஷாபாஸ், இனிமேல் இந்த வண்டியைப் பார்க்கிறவர்கள் சீட்டுக்குள் அரிசிதான் இருக்கிறது என்று உறுதியாக நினைப்பார்கள் என்றான். பேச்சு அப்படித்தான் திரும்பி வந்தது.

கிடங்குச் சுவரை அடைத்தார்கள். பெருச்சாளி போகவில்லை. ஒரு வாரம் கழித்துக் காலையில் ஜொஹரா சத்தம் கொடுத்தாள். கறிவேப்பிலை மரத்தடியில் புதிதாக ஒரு குழி, வாயில் ஈர மண். மொய்து ஆணியில் தொங்கிய குத்தூசியை எடுத்தார். படியிறங்கப் போனவர் நின்று, பக்கத்து அறைக் கதவைத் தட்டினார்.

“மாப்ள, கொஞ்சம் வெளியே வந்து நில்லுங்க.”

ஷாபாஸ் பல் துலக்கிக்கொண்டே வந்தான். குழியைப் பார்த்தான், ஊசியைப் பார்த்தான். நுரையைத் துப்பிவிட்டுக் கேட்டான்.

“எதுக்கு மாமா? நான் உங்களைப் பாத்துக்கவா, நீங்க என்னைப் பாத்துக்கவா?”

மொய்து யோசித்தார். பொய் சொல்ல வேண்டாம் என்று தோன்றியது.

“ரெண்டுக்கும்தான்” என்று சொல்லிவிட்டு, அவன் கண் எதிரே ஊசியை மண்ணில் இறக்கினார்.